வீட்டு வேலைக்கும் சிட்டை வேண்டும்

நம் இதழில் வரி, லைசென்ஸ், தராசு முத்திரை என்று எழுதுவதே வழக்கம். இந்த மாதம் ஒரு வீட்டு விஷயத்தை எழுத ஆசிரியர் குழுவிடம் அனுமதி கேட்டேன். எங்கள் வீடு கடைக்கு மேலேயே இருப்பதால் இது கடை விஷயமும்தான்.

லோடு வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டைகளை எண்ணுகிறோம். சந்தேகப்பட்ட மூட்டையைத் தராசில் ஏற்றுகிறோம். ஓரத்தில் குத்தி நாலு மிளகை உள்ளங்கையில் போட்டுப் பார்க்கிறோம். பில்லில் நாற்பது என்றிருந்து இறங்கியது முப்பத்தொன்பது என்றால், டிரைவரிடம் எழுதி வாங்காமல் லாரியை விடுவதில்லை. ஒரு கிலோ புளி குறைந்ததற்காக மண்டிக்காரரோடு அரை மணி நேரம் போனில் வாதாடுகிறவர்கள் நாம். அதே நாம், நாலரை லட்சம் ரூபாய் வேலையை ஒரு மேஸ்திரியின் வாய் வார்த்தையில் விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

கீழே கடையும் குடோனும், மேலே வீடும் என்று என் தகப்பனார் 1978-ல் கட்டியது. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்த பழைய வேலை. நாற்பது வருடம் தாங்கியது. பிறகு இரண்டு இடத்தில் ஈரம் காட்டியது. 2022 செப்டம்பரில் தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவது, மாடியில் சின்னதாக ஓர் அறை, பழைய குளியலறையை மாற்றுவது என்று மூன்று வேலையைச் சேர்த்து ஒரு மேஸ்திரியிடம் பேசினேன். தட்டோடும் குளியலறைச் சாமான்களும் நான் வாங்கித் தருவது, மற்ற பொருளும் கூலியும் அவர் பொறுப்பு, மொத்தம் நாலு லட்சத்து அறுபதாயிரம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மொத்தத் தொகையையும் அட்வான்சையும் எழுதினோம். வேறு எதுவும் எழுதவில்லை. கையெழுத்துக்கூட இல்லை.

“அண்ணாச்சி, நீங்க யாவாரத்தப் பாருங்க. மாடிய நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 24. சீசன் நேரத்தில் இதைவிட இனிப்பான பேச்சு வேறு என்ன இருக்கிறது!

மாடிக்கு நான் போனது மொத்தம் நாலு தடவை இருக்கும். என் வீட்டுக்காரி தினமும் துணி காயப்போடப் போகிறவள். “தண்ணி ஊத்தினா குழாய்ப் பக்கம் போகல, அறைப் பக்கந்தான் போகுது” என்று இரண்டு முறை சொன்னாள். “அவங்களுக்குத் தெரியாதா” என்று பதில் சொன்னேன். கான்கிரீட் போட்ட அறைக்கு ஐந்தாம் நாளே முட்டுகளைப் பிரித்தார்கள். சென்ட்ரிங் சாமான் வாடகை ஏறுகிறது, அடுத்த வேலைக்கும் வேண்டும் என்றார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியது இரண்டு நாள். பிறகு குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்ததால் யாரும் ஊற்றவில்லை. ஊற்றுவது யார் வேலை என்று யாரும் பேசியிருக்கவும் இல்லை.

நவம்பர் இரண்டாம் வாரம் ஒரே இரவு மழை. மாடியில் தேங்கிய தண்ணீர் சுவர் ஓரமாக வீட்டுக்குள் இறங்கி, அங்கிருந்து படிக்கட்டுச் சுவர் வழியாகக் குடோனுக்கு வந்துவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் பதினான்கு மூட்டை சீனி அடியிலிருந்து கசிந்து தரையெல்லாம் பாகு. எழுநூறு கிலோ. பருப்பு மூட்டைகள் பலகை மேல் இருந்ததால் தப்பித்தன.

பின்னால் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் ஒரு ரசமட்டக் குழாயையும் டேப்பையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். மழைநீர்க் குழாயின் வாய் தரையைவிட அரை அங்குலம் உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான். நாலரை லட்சத்தின் கதி அந்த அரை அங்குலம். தட்டோடு பதிக்கும் முன்பு குழாயை அடைத்து ஒன்றிரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்திருந்தால், கிடைத்திருக்கும் விடை அப்போதே கிடைத்திருக்கும்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்தார். கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே சண்டை. நான் வாங்கிக் கொடுத்த தட்டோடு மட்டம் என்றார். குளியலறைக் கதவை இரண்டு முறை இடம் மாற்றச் சொன்னேன், அதற்குக் கூலி தரவில்லை என்றார். இன்னும் அறுபதாயிரம் பாக்கி என்றார். சீனி போனதற்கு யார் பதில் சொல்வது என்றேன். எதற்கும் எங்களிடம் காகிதம் இல்லை. கதவை மாற்றச் சொன்னது உண்மைதான். எத்தனை நாள் வேலை அதனால் போயிற்று என்று அவரிடமும் கணக்கு இல்லை, என்னிடமும் இல்லை. வீதியில் இரண்டு பேர் பொய்யர்கள் ஆனதுதான் மிச்சம்.

இதுபோன்ற சண்டை இப்போது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. புது வீடு கட்டுவோர் கொஞ்சமாவது பிளான், பொறியாளர் என்று போகிறார்கள். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதுதான் யாரும் மேற்பார்வை வைப்பதில்லை. ‘சின்ன வேலைதானே’ என்ற நினைப்பு. பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று இடித்த பிறகே தெரியும் என்பதால் புதுப்பிக்கும் வேலையில்தான் கணக்கு அதிகம் மாறும். என் அபிப்பிராயம், குற்றத்தில் பாதி நம்முடையது என்பதே. மேஸ்திரியை நான் விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. முட்டை ஐந்தாம் நாள் பிரித்தது தவறுதான். ஆனால் சரக்கை எண்ணாமல் இறக்கிக்கொண்ட கடைக்காரன் பிறகு குறைவு என்று சொன்னால் மண்டியில் யார் கேட்பார்கள்?

கட்டட வேலை நமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். எண்ணவும் நிறுக்கவும் தெரிந்தால் முக்கால் மேற்பார்வை தெரிந்தமாதிரி. 12 மீட்டர் நீளக் கம்பி 8 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 4.74 கிலோ, 10 மில்லிமீட்டர் என்றால் 7.4 கிலோ இருக்க வேண்டும். நம்மிடம் இல்லாத தராசா? சிமெண்ட் மூட்டையில் எந்த ஆண்டு, எத்தனையாவது வாரம் அடைத்தது என்று அச்சிட்டிருக்கும். காலாவதித் தேதி பார்த்து மாவுப் பாக்கெட் வாங்குகிற நாம் அதைப் பார்ப்பதில்லை. சாதாரணமாக வீட்டுத் தளத்துக்குப் போடும் எம்-20 கலவையில் ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் தண்ணீர் என்பது இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456 சொல்வது. கலவை எளிதாக ஓட வேண்டும் என்று சித்தாளிடம் இன்னும் இரண்டு வாளி ஊற்றச் சொல்வார்கள். ஊற்ற ஊற்றப் பலம் குறையும். அதே தரக் குறிப்பின்படி நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் அகலம் என்றால் 14 நாள். உத்திரமானால் 6 மீட்டர் வரை 14 நாள். தண்ணீர் தேக்குவது சாதாரண சிமெண்டுக்கு 7 நாள். இப்போது கடைகளில் அதிகம் விற்கும் பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கும், வெயில் கடுமையான இடங்களுக்கும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. இதை யார் ஊற்றுவது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அந்தத் தண்ணீரைப் பற்றியது.

சிலர் மாடியில் கேமரா வைத்துவிட்டேன் என்கிறார்கள். கேமராவில் ஆள் தெரிவார். எத்தனை சட்டி மணல் விழுந்தது என்பது தெரியாது. அதைவிட வீட்டில் இருக்கும் பெண்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுங்கள். வந்த ஆள் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை, கான்கிரீட் போட்ட தேதி, முட்டு பிரித்த தேதி, நாம் மாற்றிச் சொன்னது என்ன, அதற்குப் பேசிய தொகை என்ன. தினமும் சாயங்காலம் மேஸ்திரி அதில் ஒரு கையெழுத்து. நாள்வழிச் சிட்டை எழுதும் வழக்கம் நம் குடும்பங்களுக்குப் புதிதில்லை.

பணம் கொடுப்பதிலும் நாம் தவறு செய்கிறோம். பாதிப் பணத்தை அட்வான்சாகக் கொடுத்துவிட்டால் நம் வேலை அவருக்குப் பழைய பாக்கி ஆகிவிடுகிறது. அந்தப் பணம் இன்னொருவர் வீட்டுக் கூலிக்குப் போயிருக்கும். வேலை முடிந்த அளவுக்குத் தவணை, கடைசிப் பத்து சதவீதம் ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு என்று பேசினால் நல்ல மேஸ்திரி ஒப்புக்கொள்வார். கூடவே, பேசிய தவணையை நாம் பேசிய நாளில் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை கூலி போடப் பணமில்லாமல் அவரை நிற்கவைத்தால் திங்கட்கிழமை ஆள் வராது. இதில் நம்மவர்கள் பலர் மோசம் என்று சொல்லத்தான் வேண்டும்.

மேஸ்திரி எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரிய ஒரு வழி இருக்கிறது. அது வேறு யாருக்கும் கிடையாது. கொத்தனாரும் சித்தாளும் நம் கடையில்தான் அரிசி பருப்பு கடன் வாங்குகிறார்கள். எந்த மேஸ்திரியின் ஆட்கள் சனிக்கிழமை இரவு பாக்கியைத் தீர்க்கிறார்கள், யாருடைய ஆட்கள் அடுத்த வாரம் என்று தலையைச் சொறிகிறார்கள் என்பது நம் பற்றுவரவு நோட்டில் இருக்கிறது. நான் வேலை கொடுத்த மேஸ்திரியின் ஆட்கள் மூன்று பேர் கணக்கு அப்போதே இரண்டு மாதமாகத் தீராமல் கிடந்தது. என் கையெழுத்தில் எழுதிய கணக்கு. நான் அதைப் படிக்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் ‘சேவை’ என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைச் சேவையில் சேர்த்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் புகார் செய்யலாம் என்று சிலர் அலைகிறார்கள். விற்பனை இல்லாத பழுதுபார்ப்பு வேலை அதற்குள் வராது.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்குச் செய்த வேலை என்றால் நாம் நுகர்வோர். கடைக்குச் செய்த வேலை என்றால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்த உழைப்பில் பிழைப்பவர்களுக்கான விலக்கைப் புதிய சட்டம் வாங்கிய பொருளைச் சொல்லியே எழுதியிருக்கிறது, சேவையைச் சொல்லவில்லை. அப்புறம் சிவில் கோர்ட்தான். ஆகவே மாடி வீட்டு வேலைக்கு ஒரு சீட்டு, கீழ்க்கடை வேலைக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாகப் பேசுங்கள், தனித்தனியாகப் பணம் கொடுங்கள். பேங்க் மூலம் கொடுத்தால் இன்னும் நல்லது. தினக்கூலிக்கு ஆள் வைத்து நாமே சொல்லிச் சொல்லிச் செய்யவைத்த வேலைக்கு நுகர்வோர் ஆணையத்தில் நிற்பதும் கஷ்டம். அதைத் தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்று வாதாட இடமிருக்கிறது.

நான் எந்த ஆணையத்துக்கும் போகவில்லை. காலண்டர் தாளை வைத்துக்கொண்டு எங்கே போவது? சங்கத்தின் பெரியவர் ஒருவரும் அந்தப் பொறியாளரும் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். 2023 பங்குனியில் மேஸ்திரி தன் ஆட்களை வைத்துத் தட்டோட்டை மறுபடி பெயர்த்து வாட்டம் சரிசெய்து கொடுத்தார். பொருள் என் செலவு. கதவு மாற்றிய கூலியையும் சேர்த்து, பாக்கி அறுபதாயிரத்தை முப்பத்தையாயிரமாக முடித்தோம். சீனி நஷ்டம் என்னோடு. இந்த முறை குழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டினோம். அவரே வந்து பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இத முதல்லயே செஞ்சிருக்கலாம்” என்றார். செய்திருக்கலாம்தான்.

சரக்குத் தகராறுக்கு நம் சங்கம் பஞ்சாயத்துப் பேசுகிறது. இதற்கும் பேசலாம் என்பது என் கோரிக்கை. ஒரு பக்கத்தில் அடங்கும் ஒப்பந்தப் படிவம் ஒன்றைச் சங்கமே அச்சடித்து வைக்கலாம். தகராறு வந்தால் இடத்தைப் பார்த்துச் சொல்ல, இரு தரப்புக்கும் வேண்டாதவராகப் பொறியாளர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம். அவருக்குரிய கட்டணத்தை இரு தரப்பும் பாதிப்பாதி கொடுக்க வேண்டும். மேஸ்திரிகளையும் அழைத்துப் பேசிவிட்டுத்தான் படிவத்தை முடிவு செய்ய வேண்டும். நாம் மட்டும் உட்கார்ந்து எழுதினால் அதில் அவர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். மாதிரிப் படிவம் ஒன்றை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் பேச நேரம் கேட்டிருக்கிறேன். வீட்டில் வேலை நடந்துகொண்டிருக்கும் உறுப்பினர்கள் தங்கள் கையில் இருக்கும் துண்டுச் சீட்டு, காலண்டர் தாள் எதுவானாலும் எடுத்து வரவேண்டுகிறேன்.