அட்டவணையில் இல்லாத நிரல்



ஐடியில் வேலை செய்யிற எங்கட ஆக்கள் சிலருக்கு இப்ப ஒரு புது வேலை வந்திருக்கு: எந்த எம்சிபி கேட்வே நல்லது எண்டு ஒப்பிட்டு அட்டவணை போட்டுக் குடுக்கிறது.

ஏஐ முகவர்கள் மின்னஞ்சல், கோப்பு, தரவுத்தளம் போன்றவற்றைத் தொடுவதற்கான பொது நெறிமுறைதான் எம்சிபி. 2024 நவம்பரில் வந்தது. கருவிகள் பெருகியதும், எல்லா இணைப்பையும் ஒரே வாசலால் விட வேண்டியதாயிற்று. அந்த வாசல்தான் கேட்வே. சாவிகள் அதனிடம் இருக்கும். எந்த முகவர் எதைத் தொடலாம் என்று அது தீர்மானிக்கும், ஒவ்வொரு அழைப்பையும் பதிந்தும் வைக்கும்.

டொக்கரின் கேட்வே ஒவ்வொரு கருவியையும் தனிக் கொள்கலனில் பூட்டி ஓட்டும், ஒருவரின் மடிக்கணினியே போதும். ஐபிஎம்மின் கொன்டெக்ஸ்ட்ஃபோர்ஜ் திறந்த மூலம். சொந்த சேர்வரில் நிறுவிப் பல கருவிகளை ஒன்றாக்கலாம், ஆனால் பராமரிக்க ஆள் வேணும். கிளவுட்ஃபிளேரின் போர்ட்டலுக்கு அந்தத் தலையிடி இல்லை. அதுக்கு விலை, எல்லாம் அவையின்ட வலையமைப்புக்குள்ளால போறதுதான்.

அட்டவணைகள் இவ்வளவோட நிண்டிடும். பதிவு வேணும், அதை நான் மறுக்கேல்லை. ஒரு மின்னஞ்சலில் ஒளித்து வைத்த கட்டளையை நம்பி முகவர் கோப்பை வெளியே அனுப்பினால், கண்டுபிடிக்க வேறு வழி குறைவு. ஆனால் முகவர் இயங்குவது ஒரு தொழிலாளியின் பெயரில். அவர் எத்தனை மணிக்குத் தொடங்கினார், என்ன கேட்டார், எவ்வளவு முடித்தார் என்பதும் அதே பதிவில்தான் விழுகிறது. பாதுகாப்பு எண்டு வாங்கின சாமான் மேற்பார்வையாளராகிறது!

ஜேர்மனியில் தோழர்களுக்கு ஒரு பிடி உண்டு. தொழிலாளரைக் கண்காணிக்கும் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர, தொழிலக அமைப்புச் சட்டத்தின் 87ஆவது பிரிவுப்படி தொழிலாளர் மன்றத்தின் உடன்பாடு தேவை. கண்காணிக்கும் நோக்கம் இல்லை என்று முதலாளி சொன்னாலும், கண்காணிக்க ஏலுமெண்டால் போதும் என்பதே நீதிமன்றங்களின் வாசிப்பு. மன்றமே இல்லாத இடத்தில் இது உதவாது. ஒன்ராறியோவில் 25 பேர் அல்லது கூட வேலை செய்யும் இடங்களில் கண்காணிப்புக் கொள்கையை எழுத்தில் தர வேண்டும். தந்தால் சரி, கண்காணிப்பதற்குத் தடை இல்லை.

அட்டவணை போடுறது நீங்களெண்டால் இன்னொரு நிரலையும் சேருங்கோ: பதிவு எங்கே, எத்தனை நாள், பெயரை மறைக்கலாமோ, ஆள்வாரியாகத் தேட யாருக்கு அனுமதி. மேலிடத்துக்கு அனுப்ப முன்னம் சங்கத்துக்கு ஒரு பிரதி குடுங்கோ.