பாவம், அந்த ரேடியோ மாட்யூல் என்ன செய்யும்?

"மச்சி, மாட்யூல் டூப்ளிகேட்டுடா. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி, இன்ஜினியரிங் கல்லூரி விடுதிகளில் தவறாமல் கேட்கும் வசனம் இது. ரிச்சி தெருவில் வாங்கி வந்த இரண்டு என்ஆர்எஃப்24எல்01+ மாட்யூல்கள், இரண்டு ஆர்டுயினோ, ஒரு கொத்து ஜம்பர் ஒயர். ஒன்று "ஹலோ" என்று அனுப்ப வேண்டும், மற்றது வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. உடனே பஞ்சாயத்து கூடுகிறது. முதல் தீர்ப்பு: புரோகிராம் தப்பு, லைப்ரரியை மாற்று. இரண்டாவது: பக்கத்து ரூம் வைஃபை இடைஞ்சல் செய்கிறது, சேனலை மாற்று. மூன்றாவது: மால் போலி, போய் வேறு வாங்கு.

விசாரணையே இல்லாமல் மூன்று தூக்குத் தண்டனை! கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று ஒருத்தராவது கேட்டால்தானே?

இந்தச் சில்லு நார்வே நாட்டு நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்துடையது. 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும். அதன் தரவுத்தாள் சொல்வது ரொம்ப எளிமை: மின்னழுத்தம் 1.9 முதல் 3.6 வோல்ட் வரை. சிக்னல் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்கும், மின்சாரம் வாங்கும் கால் தாங்காது. "5 வோல்ட் தாங்கும்" என்ற பாதி வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு, விசிசி காலை 5 வோல்ட்டில் செருகி மாட்யூலைச் சாகடித்த புண்ணியவான்கள் ஏராளம். கொன்றுவிட்டு "டூப்ளிகேட்" என்று மரணச் சான்றிதழும் எழுதிக் கொடுப்பார்கள்.

சரி, 3.3 வோல்ட்டில்தான் கொடுத்தாயிற்று, அப்புறமும் ஏன் வேலை செய்யவில்லை? இங்கேதான் சூட்சுமம். சும்மா காத்திருக்கும்போது இந்தச் சில்லு எடுப்பது சுமார் 26 மைக்ரோஆம்பியர். முழு சக்தியில் அனுப்பும்போது 11.3 மில்லிஆம்பியர். அதாவது கண்மூடித் திறப்பதற்குள் நானூறு மடங்குக்கு மேல் தாவுகிறது. அந்த நொடியில் நீளமான ஜம்பர் ஒயரும், லூசான பிரெட்போர்டு ஓட்டையும் அந்தத் தாவலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் தொபுக்கென்று விழுகிறது. சில்லு குழம்பிப் போகிறது. அடுத்த நொடி எல்லாம் பழையபடி சரியாகிவிடும், தடயமே இருக்காது.

ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். மாதக் கணக்கைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் திங்கட்கிழமை காலை சரக்கு லாரி வந்து நிற்கும்போது கல்லாவில் காசில்லை. லாரி திரும்பிப் போய்விடுகிறது. மாதக் கடைசியில் வரவு செலவைப் பார்க்கிறவருக்குக் கடை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று புரியாது. சராசரி சரியாக இருந்தால் போதாது, கேட்ட நேரத்தில் கையில் இருக்க வேண்டும்.

"மல்டிமீட்டரில் பார்த்தேனே, 3.3 கரெக்டாக இருக்கிறதே" என்று வாதாடுவதும் அந்த மாதக் கணக்கைக் காட்டுகிற வேலைதான். சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் விழுந்து எழுந்த மின்னழுத்தத்தை அது எங்கே பார்க்கப் போகிறது?

மருந்து? மாட்யூலின் விசிசி, கிரவுண்டு கால்களுக்கு நடுவே, காலோடு ஒட்டி, 10 முதல் 100 மைக்ரோஃபாரட் வரை ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். போலாரிட்டி மாறக்கூடாது, அவ்வளவுதான். வாசலில் ஒரு குடம் தண்ணீர் நிரப்பி வைப்பது மாதிரி. குழாயில் தண்ணீர் வருவதற்குள் குடத்திலிருந்து மொண்டுகொள்ளலாம். குடத்தைத் தெருமுனையில் வைத்துப் பயனில்லை, அதனால்தான் "காலோடு ஒட்டி". விலை ஒரு டீ காசுகூட ஆகாது.

அடுத்த கூத்து, நீளமான ஆன்டெனா வைத்த மாட்யூல். "இது ஒரு கிலோமீட்டர் போகும்" என்று சொல்லி விற்பது. அதில் கூடுதலாக ஒரு ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருக்கிறது. அனுப்பும்போது அது 115 மில்லிஆம்பியர் வரை கேட்கும். ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் காலுக்குக் குறிப்பிட்டிருக்கும் அளவோ 50 மில்லிஆம்பியர். ஐம்பது ரூபாய் வைத்துக்கொண்டு நூற்றுப் பதினைந்து ரூபாய் பில்லுக்குச் சாப்பிட உட்கார்ந்த கதை. இதற்குத் தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வேண்டும். ஏஎம்எஸ்1117 போட்ட சின்ன அடாப்டர் போர்டே கிடைக்கிறது. அதிலும் ஒரு விஷயம்: அந்த போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். "மாட்யூல் 3.3 தானே" என்று போர்டுக்கும் 3.3 கொடுத்தால், மாட்யூலுக்குப் போய்ச் சேருவது சுமார் 2 வோல்ட். தனி சப்ளை போட்டால் இரண்டு பக்கத்துக் கிரவுண்டையும் சேர்க்க வேண்டும் என்பதையும் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

லேப்டாப்பில் செருகினால் ஓடுகிறது, 9 வோல்ட் சதுர பேட்டரியில் ஓடவில்லை என்பது இன்னொரு நிரந்தரப் புலம்பல். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும். அந்தக் குட்டி பேட்டரி அதற்கு ஏற்பட்டதே இல்லை. புரோகிராம் அதேதான், மாட்யூலும் அதேதான். மாறியது மின்சாரம் மட்டும். குற்றவாளி யார் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஒயரிங் பாவங்கள் தனி. ஊனோவில் மோசி, மிசோ, எஸ்சிகே மூன்றும் 11, 12, 13. மெகாவில் 51, 50, 52. ஊனோவுக்கு வரைந்த படத்தைப் பார்த்து மெகாவில் செருகினால் என்ன ஆகும்? எட்டுக் கால் மாட்யூலை மேலிருந்து பார்த்த படமா, கீழிருந்து பார்த்த படமா என்று கவனிக்காவிட்டால் இடம் வலமாகிவிடும்.

கண்டுபிடிப்பது கஷ்டமா என்றால் அதுவும் இல்லை. சில்லின் ரெஜிஸ்டர்களை அச்சிட்டுப் பார்க்கும் கட்டளை லைப்ரரியிலேயே இருக்கிறது. எல்லாம் பூஜ்யம் அல்லது எல்லாம் எஃப்எஃப் என்று வந்தால் ஒயரிங்கை, குறிப்பாக மிசோ ஒயரையும் விசிசியையும் பார்க்க வேண்டும். ரெஜிஸ்டர் ஒழுங்காக வருகிறது, ஆனால் செய்தி போகவில்லை என்றால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மீது. ஏனென்றால் ரெஜிஸ்டரைப் படிக்க அதிகக் கரண்ட் வேண்டாம், அனுப்பத்தான் வேண்டும். மாட்யூலை விரலால் அழுத்தினால் வேலை செய்கிறது என்றால் அது ஏதோ ராசி இல்லை, லூஸ் கனெக்‌ஷன்! அப்புறம், ஆன்டெனா மாட்யூல்கள் இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிப்பது, காதுக்குள் வாயை வைத்துக் கத்துவது மாதிரி. சக்தியைக் குறைக்க வேண்டும், அல்லது தள்ளி வைக்க வேண்டும்.

போலிச் சில்லுகளே இல்லையா? இருக்கின்றன. அசலோடு ஒத்துப் போகாமல் தகராறு செய்வதும் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு கடைசியாக வர வேண்டியது. மின்சாரத்தைச் சோதிக்காமல் போலி என்று சொல்லி இரண்டாவது ஜோடி வாங்குகிறவர், அதையும் அதே ஒயரில்தான் செருகுகிறார். அதுவும் ஓடாது. மூன்றாவது ஜோடி... நல்ல மாட்யூல் நான்கு குப்பைக்குப் போகும்.

உண்மையில் கோபப்பட வேண்டியது மாணவர்கள் மீது இல்லை. கெப்பாசிட்டர் இல்லாத படத்தை வரைந்து "ஏழே ஒயர், ஈஸி" என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் மீது. சில்லைச் செய்தவர்களின் தரவுத்தாளில் இருக்கும் மாதிரிச் சுற்றிலேயே மின் காலுக்குப் பக்கத்தில் கெப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் புரோகிராமை மட்டும் பக்கம் பக்கமாக விளக்கினால் அது என்ன பாடம்? வைவாவிலும் கேள்வி புரோகிராமைப் பற்றித்தான். "இது எவ்வளவு கரண்ட் எடுக்கும்?" என்று கேட்கும் எக்ஸாமினரைப் பார்ப்பது அரிது.

இதனால் நஷ்டம் நானூறு ஐநூறு ரூபாய் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ராத்திரி முழுக்க முழித்து, சரியான புரோகிராமைப் பத்து தடவை அழித்து எழுதி, காலையில் ரிவ்யூவில் தலைகுனிந்து நிற்கும் ஒரு பெண் "எலக்ட்ரானிக்ஸ் எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறாளே... அந்தக் கணக்கை எந்த லெட்ஜரில் எழுதுவது? அவள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு, யாரும் வரைந்து காட்டாத அந்த ஒரு கெப்பாசிட்டர்.

ஆகவே மகாஜனங்களே, முதலில் கரண்ட், அடுத்து ஒயர், அதற்குப் பிறகு புரோகிராம். இந்த மூன்றும் சரி என்று ஆன பிறகு கடைக்காரரைத் தாராளமாகத் திட்டலாம். அநேகமாக அதற்கு அவசியம் இருக்காது :-)