வாத்துகளும் பொம்மை விமானமும்

ரிமோட்டில் பறக்கிற பொம்மை விமானத்தைத் தண்ணீரிலிருந்தே கிளப்ப வேண்டும் என்று இப்போது பையன்களுக்கு ஆசை. என் பேரனுக்கும்தான். தப்பில்லை. ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் நான் கறார்.

1910 மார்ச் 28 அன்று தெற்குப் பிரான்சில் ஆன்ரி ஃபாப்ர் என்பவர் முதன்முதலாக இன்ஜின் விமானத்தை நீரிலிருந்து எழுப்பினார். பறந்தது சுமார் 500 மீட்டர்தான். அதற்கு 'கனார்' என்று பெயர். பிரெஞ்சில் படித்த எனக்குச் சிரிப்பு வரும். கனார் என்றால் வாத்து!

நிஜ வாத்துகள் வரும் கரைவெட்டியில் இந்த விளையாட்டு வேண்டாம். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சரணாலயம் அது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இளைப்பாறும் இடத்தில் நம் இரைச்சல் எதற்கு?

அதைவிடப் பயம், அரியலூர்ப் பக்கத்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிகள். தண்ணீர் பார்க்க அழகுதான். ஓரம் செங்குத்து, ஆழம் தெரியாது. பேட்டரி தீர்ந்து விமானம் நடுவில் நின்றால் ஏதாவது ஒரு பையன் குதித்துவிடுவான்.

வண்டல் எடுத்த பள்ளம் இல்லாத ஊர் ஏரி, முழங்கால் தண்ணீர் போதும். மிதவையின் அடிப்பக்கம் படிபோல் ஒரு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தண்ணீரின் பிடியை விடுவிக்கும். காற்றில் லேசான சிற்றலை இருந்தால் இன்னும் சுலபம்.

தூண்டில் நரம்பும் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தும் கட்டாயம். விமானத்துக்கு அப்பால் எறிந்து, நரம்பை அதில் சிக்கவைத்து மெதுவாக இழுக்கலாம். அது இல்லாமல் வருகிறவன் பேரனே ஆனாலும் கரையோடு திரும்ப வேண்டியதுதான்.