கடன் அட்டையில் பெயர்; காசு யார் கையில்?

2024ஆம் ஆண்டில் அமானா இக்தியார் மலேசியா, இந்தியப் பெண்களின் சிறுதொழிலுக்கென 5 கோடி வெள்ளி ஒதுக்கி, ‘பெண்’ என்ற பெயரிலேயே ஒரு கடன் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து கோத்தா கோலா மூடா, பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தாய்மார்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஐயா, குழுவில சேரலாமா, வேணாமா?”

சேரலாம். ஆனால் தெரிந்து சேர வேண்டும்.

இந்த முறை நேற்று முளைத்ததல்ல. வங்காளதேசத்தில் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976இல் தொடங்கிய கிராமின் முறையைப் பார்த்து, 1986இல் சிலாங்கூரின் வடமேற்குப் பகுதியில் சோதனையாக நடத்தினார்கள். 1987இல் அது அமானா இக்தியார் என்ற ஸ்தாபனமாயிற்று. நகை அடமானம் இல்லை. ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவணை தவறினால் மற்ற நால்வரும் பதில் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கைதான் அடமானம்.

நம்ம லயத்துப் பெண்களுக்கு இது புதுசா? கூட்டுப் போட்டுத்தானே பிள்ளைக்குப் பள்ளிச் சட்டையும் மகளுக்குத் தோடும் வாங்கினார்கள்! ஆனால் கூட்டுப் பிடிப்பவர் பணத்தோடு ஓடினால் ஏழைக்கு நாதியில்லை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் ‘கூட்டு’ இருக்கிறது!

ஒழுங்காகக் கணக்கு வைத்துச் சேமித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி நம் கெடாவிலேயே உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். 1961இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். கூலிக்காரர் காசு தோட்டத்தையே வாங்கியது.

தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் கற்றுத்தந்த பாடமும் இதுதான்: முதலில் சேமிப்பு, பிறகு வங்கிக் கடன். சேமிப்புப் பணம் பெண்களுடையது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தவர்களும் அவர்களே.

அடுத்த மாநிலமான ஆந்திராவில் என்ன நடந்தது? இலாபத்துக்காகக் கடன் கொடுத்த கம்பெனிகள் ஒரே பெண்ணிடம் மூன்று நான்கு கடனைத் திணித்தன. தவணைக்காரர் வாசலில் உட்கார்ந்தார். தற்கொலைகள் நடந்தன. 2010இல் அரசாங்கமே அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. குழு என்ற பெயர் மட்டும் ஏழையைக் காப்பாற்றாது.

ஆகவே தாய்மார்களே, கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் பணத்தில் என்ன தொழில், வாரம் எவ்வளவு மிஞ்சும்? அந்த மிச்சத்தில் தவணை கட்ட முடியுமா, அல்லது வீட்டுக்காரர் சம்பளத்தைத் தொட வேண்டி வருமா? கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டும்? கூட்டத்தில் கணக்கை உரக்கப் படிக்கிறார்களா?

பெயர் உங்களுடையது, காசு வேறொருவர் கைக்குப் போகிறது என்றால், அது உங்கள் கடன் அல்ல. ஆனால் கட்டப்போவது நீங்கள். அண்ணன், தம்பிமார்களுக்கும் சொல்கிறோம்: மனைவி பெயரில் வாங்கிய பணம் மோட்டார் சைக்கிளுக்கோ கல்யாண விருந்துக்கோ அல்ல. வட்டி முதலையின் பழைய கடனை அடைக்க இதை வாங்கினால், ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டியதாகும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதை முழுசாகக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. முறுக்குச் சுட்டு விற்கும் வருமானத்தைக் காட்டி யாரும் அந்த உரிமையைக் குறைக்க முடியாது. கடன் கூலிக்கு மாற்று அல்ல.

தோட்டத்தில் ஐந்து பெண்கள் கிடைத்தால் நாளைக்கே கடன் மனு எழுத ஓட வேண்டாம். ஆறு மாதம், வாரம் ஐந்து வெள்ளியாவது போட்டு, ஒரு நோட்டில் கணக்கு எழுதிப் பழகுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் படித்துக் காட்டட்டும். ஆறு மாதம் தவறாமல் கூடிய ஐந்து பேர் கடன் அதிகாரி முன்னால் மட்டுமல்ல, துரை ஆபீஸ் முன்னாலும் சேர்ந்து நிற்பார்கள்.