கண்ணிமைப்பினும் சிறிய பொழுது

கண்ணிமைக்கும் நேரம் மிகச் சிறியது என்கிறோம். ஒளிபட்டு உடையும் மூலக்கூறுக்கோ அது யுகம்! அயோடின் சயனைடு ஆவியில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதன் பிணைப்பு ஏறத்தாழ 200 பெம்டோ வினாடியில் அறுவதை 1987-இல் அகமது செவைல் குழுவினர் அளந்தனர். ஒரு வினாடியை நூறு கோடி கூறாக்கி, அக்கூறு ஒன்றைப் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைப்பதே பெம்டோ வினாடி. எகிப்தில் பிறந்த செவைல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார்.

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்போர் உண்டு. குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து கசிந்த வாயுவும் வானில் புற ஊதா ஒளிபட்டே உடைந்தது. பிரிந்த குளோரின் ஓசோன் படலத்தை அரித்தது. 1974-இல் மொலினாவும் ரோலண்டும் விடுத்த எச்சரிக்கையே 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு வழிகோலியது. ஓசோன் மெலிந்தால், முட்டத்திலும் குளச்சலிலும் வெயிலில் வலை இழுப்போரின் தோலும் கண்ணும் அல்லவா வாடும்? ஆகவே இவ்வறிவு ஏழைக்கும் காவல்.

தோழியரே, இத்துறை நமக்கு எட்டாக்கனியன்று. சென்னைப் பல்கலைக் கழகம் தரமணியில் அதிவேக நிகழ்வுகளை ஆராயத் தேசிய மையமே நிறுவியது. பெம்டோவினும் நுண்ணிய ஒளித்துடிப்புகளுக்காக 2023-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஆன் லுயிலியே ஒரு பெண்மணி.

பெற்றோரே, பட்டம் பெற்றதும் "போதும்" என்று மகளின் படிப்பை நிறுத்தாதீர்கள். ஆராயும் ஆவல் அவளுக்கிருந்தால் அனுப்பி வையுங்கள்!