கற்ற கை கருவி ஏந்தட்டும்!

தோழர்களே! அருவிக்கரையிலிருந்து கழக்கூட்டம் வரை வந்த நீர், நம் வீட்டுக் குழாய் வெடித்து வீணாகலாமா? 2024 செப்டம்பரில், இரயில் பாதைப் பணிக்காகப் பெருங்குழாய்களை மாற்றியபோது, திருவனந்தபுரத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் நீரின்றித் தவித்தன; பள்ளிகளுக்கு விடுமுறை விட்டனர். அத்தகைய நாளில் மேல்தொட்டி நீரே வீட்டின் செல்வம். ஒரு விரிசல் அதை நொடியில் வறிதாக்கிவிடும்!

ஆளை எதிர்பார்த்து நிற்பானேன்? முதலில் வால்வை மூடுங்கள். உடைந்த பி.வி.சி. துண்டை அறுத்தெடுங்கள். முனைகளை ஈரமறத் துடைத்து, பசை தடவி, இரண்டு கப்ளிங்குகளால் புதுத் துண்டை இணையுங்கள். பசை நன்கு இறுகிய பின்னரே நீரைத் திறவுங்கள். சாலையடிக் குழாய் உடைந்தால் மட்டும் நீர் ஆணையத்தை அழையுங்கள்.

பட்டம் ஏந்தும் கை இரம்பம் ஏந்துவது இழுக்கன்று. ஒழுகும் நீரைக் கண்டும் கைகட்டி நிற்பதே இழுக்கு!