தீர்ப்பிடும் கண்கள்

குற்றப் புலனாய்வுத் தொடர்கள் நம் இல்லங்களில் நிலையான இடம்பெற்றுவிட்டன. 1990களில் 'மர்மதேசம்' தொடருக்காக வாரத்தில் ஓர் இரவைக் குடும்பமே ஒதுக்கி வைத்திருந்தது. இன்று பவானியில் ஜமக்காளத் தறிக்கு அருகிலேயே கைப்பேசியைச் சாய்த்து வைத்துத் தொடர் பார்க்கிறோம். பார்த்ததோடு நில்லாமல் பேசவும் செய்கிறோம். கூடுதுறைப் படிக்கட்டில், தேநீர்க் கடையில், ஏன், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நிற்கும்போதும் பேசுகிறோம்.

அந்தப் பேச்சில் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. "அந்தப் பெண் ஒழுங்காக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?" "சொந்தச் சித்தப்பனையே குற்றவாளியாக்கிவிட்டார்களே, இதெல்லாம் ஒரு கதையா?" "அவனை அங்கேயே சுட்டுத் தள்ளியிருக்க வேண்டும்!" இந்த மூன்று வாக்கியங்களுக்கும் எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கதையைக் குறை கூறும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. 1893இல் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தியபோது, இங்கிலாந்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் இதழின் சந்தாவை நிறுத்தினார்கள் என்பர். பத்தாண்டுகள் கழித்து, 1903இல், ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். அது அன்பினால் எழுந்த கோபம். முன்னறிவிப்பே இல்லாத ஒருவரைக் கடைசி நேரத்தில் கொலையாளி ஆக்கினால் எழுத்தாளரைக் கண்டிக்கலாம்; எட்டுப் பகுதிகளாகக் கதையை இழுத்தடித்தாலும் கண்டிக்கலாம். ஆனால் மேற்சொன்ன மூன்று வாக்கியங்களும் கதையின் குறையைப் பற்றியவை அல்ல. அவை நம் மனச்சான்றின் குறையைக் காட்டுபவை.

இறந்தவள் மீது விசாரணை

2022 டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கத்தில் 'வதந்தி' என்னும் தொடர் வெளிவந்தது. குமரி மாவட்டத்தில் வெலோனி என்ற ஆங்கிலோ இந்திய இளம்பெண் கொலையுண்டு கிடக்கிறாள். அவள் உடல் அடக்கமாகும் முன்பே அவளைப் பற்றிய பேச்சு ஊரெங்கும் பரவுகிறது. யாரோடு பழகினாள், என்ன உடுத்தினாள், எங்கே போனாள் என ஆளுக்கொரு கதை. அவளை ஒருநாளும் அறியாதவர்களே அவளை முழுதும் அறிந்தவர்கள்போல் பேசுகிறார்கள். இறுதியில் வெளிப்படும் உண்மையோ, ஊர் கட்டிய கதைகளைப் பொய்யாக்கி நிற்கிறது.

"முடிவு சப்பென்றாகிவிட்டது" என்பது பலருடைய முறையீடு. ஏன் அப்படித் தோன்றியது? கொலையாளி யார் என்பதைவிட, அவள் எப்படிப்பட்டவள் என்ற தீர்ப்புக்கே நாம் காத்திருந்தோம். அத்தீர்ப்பைத் தொடர் வழங்க மறுத்தது. தலைப்பிலேயே 'வதந்தி' என்று எழுதி வைத்த பிறகும், அதைப் பரப்பியவர்களின் வரிசையில் நாமும் நின்றோம் என்பதை உணரவில்லை. திரையில் வரும் பெண் கற்பனை. அவளைப் பேசிய நாவு கற்பனையன்று. அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால், அதே நாவுதான் முதற்கல்லைத் தேடும்.

குடும்பத்துக்குள் இருக்கும் இருள்

அதே 2022இல் வந்த 'சுழல்' தொடரை எடுத்துக்கொள்வோம். காணாமற்போன ஒரு சிறுமியைத் தேடிக் கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அயலான், ஆலை முதலாளி, போராட்டக்காரன் என ஒவ்வொருவர் மீதும் ஐயம் விழுகிறது. கடைசியில் குற்றவாளி அவள் வீட்டிலேயே இருக்கிறான்: அவளுடைய சித்தப்பன். அவளுடைய அக்காள் நந்தினியும் சிறுவயதில் அவனால் சீரழிக்கப்பட்டவளே.

"குடும்ப உறவைக் கொச்சைப்படுத்திவிட்டார்கள்" என்று கொதித்தோர் உண்டு. அவர்கள் ஓர் உண்மையை அறிதல் நலம். நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குகள் காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர் எனத் தெரிந்த முகங்களே அவற்றுள் மிகுதி. கொடியவன் எப்போதும் வெளியூரிலிருந்து வந்தவனாகவே இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அந்த விருப்பம்தான் வீட்டுக்குள் அழும் குழந்தையின் வாயைப் பொத்துகிறது. "சித்தப்பா அப்படிச் செய்வாரா?" என்று தொடரைப் பார்த்துக் கேட்கும் தாயிடம், அவள் மகள் நாளை எதைத் துணிந்து சொல்வாள்?

துப்பாக்கிக்குக் கைதட்டுவோர்

மூன்றாம் வாக்கியமே மிகக் கொடியது. நேர்மையான காவல் அதிகாரி சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் குற்றவாளியைச் சுட்டுக் கொன்றால் நாம் கைதட்டுகிறோம். நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றால் சலித்துக்கொள்கிறோம்.

இந்தக் கைதட்டல் திரையோடு முடிவதில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். மக்கள் காவலர்கள்மேல் மலர் தூவினார்கள். பின்னர் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் தன் அறிக்கையில், கொல்லும் நோக்கத்தோடேயே அவர்கள் சுடப்பட்டனர் என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கூறியது. அறிக்கை வெளிவந்த 2022இல் அந்த மலர்கள் எங்கே போயின?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை திறந்திருந்ததற்காக அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவல் சித்திரவதையால் மாண்டபோது தமிழகமே பதறியது. பதறியவர்களில் எத்தனை பேர், திரையில் விசாரணை அறையின் கதவு சாத்தப்படும்போது நிமிர்ந்து உட்கார்ந்து மகிழ்ந்தவர்கள்? சாத்திய கதவுக்குப் பின்னே இருப்பவன் குற்றவாளிதான் என்பதைத் தொடரில் எழுத்தாளர் நமக்குச் சொல்லிவிடுகிறார். வாழ்க்கையில் அப்படிச் சொல்ல எவரும் இல்லை. அதற்காகத்தானே நீதிமன்றம் இருக்கிறது?

நம் பகுதிக்கு இது புதிய பாடம் அன்று. வீரப்பன் வாழ்வைச் சொன்ன 'சந்தனக்காடு' தொடர் 2007-08இல் மக்கள் தொலைக்காட்சியில் வந்தது. அந்தியூர், சத்தியமங்கலம் பக்கத்தவர்க்கு அது கண்ணெதிரே நடந்த கதை. வீரப்பன் நாயகனா, அதிரடிப்படை நாயகனா என்றே வழக்காடினோம். இரு துப்பாக்கிகளுக்கும் இடையே சிக்கிய மலைமக்களின் துயரத்தையும் அத்தொடர் காட்டியது; நம் பேச்சில் அவர்களுக்கு இடமில்லை. தேடுதல் வேட்டையின் பெயரால் கொடுமைக்குள்ளான 89 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. அவர்கள் துயரத்தை நம் ஈரோடு மாவட்டத்து வழக்கறிஞர் ச. பாலமுருகன் 2004இலேயே 'சோளகர் தொட்டி' என்னும் நாவலாக எழுதினார். நாயகனைத் தேடும் கண்ணுக்கு நசுங்கியவன் தெரிவதில்லை.

கதைதானே என்போர்க்கு

"பொழுதுபோக்குக்குப் பார்ப்பதில் இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்பர் சிலர். களைத்து வந்த உழைப்பாளி ஒருமணி நேரம் கதை பார்ப்பது குற்றமன்று. ஆனால் பொழுது மட்டுமா போகிறது? இரக்கமும் சிறிது சிறிதாகப் போகிறது. நாள்தோறும் ஒருவரைத் தண்டிக்கச் சொல்லிப் பழகிய மனம், நாளடைவில் தண்டனையை மட்டுமே நீதி என்று எண்ணத் தொடங்கும்.

துப்பறியும் கதையுலகில் நமக்கு உரிய ஒருவர் இருக்கிறார். ஜி.கே. செஸ்டர்டன் 1911 முதல் நூல்களாக வெளியிட்ட கதைகளின் நாயகரான பிரவுன் அடிகளார் ஒரு கத்தோலிக்கக் குரு. 1927இல் வந்த நூலில் தாம் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் மறைபொருளை அவர் விளக்குகிறார். கொலையாளியின் உள்ளத்துக்குள் புகுந்து, இக்கொலையை நானே செய்யக்கூடியவன் என்று உணரும்வரை அவர் ஓய்வதில்லை. கொலைகாரனை வேற்று விலங்காகப் பார்ப்பவருக்கு அவன் அகப்படமாட்டான். தன்னுள்ளும் அவன் உறங்குகிறான் என அறிந்தவருக்கே அகப்படுவான். ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடும் நமக்கு இது விளங்காத செய்தியா?

ஆகவே, அன்பர்களே, தொடர்களைப் பாருங்கள். எழுத்தாளர் சறுக்கினால் தயங்காமல் குறை கூறுங்கள். இறந்த பெண்ணைப் பற்றி ஊர் பேசும்போது மட்டும், அப்பேச்சில் உங்கள் குரலும் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே குற்றவாளி அகப்பட்டால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உங்கள் பிள்ளையிடம் சற்று நேரம் பேசுங்கள். துப்பாக்கி உயரும்போது கைதட்ட எழும் கைகளை ஒரு கணம் நிறுத்துங்கள். அந்த ஒரு கணத்தில் இரக்கத்துக்கு இடம் கிடைக்கும்.